காப்பகத்துக்குள் போய்ப் பார்ப்பது யார்?

ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள வளர்ந்த பிள்ளைகளுக்குப் போடி மலையடிவாரத்தில் என்ன வழி இருக்கிறது?

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்களுக்குப் பிரிகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, பையில் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். ஏலச்செடியின் காய் கிளையில் தொங்குவதில்லை. தூரில் கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில் இருக்கிறது. நாள் முழுவதும் குனிந்து, முற்றியதைப் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். எடுப்புக் காலத்தில் வேலை விடாது. ஊர் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

அந்த ஜீப்பில் ஏறும் தாய்க்கு, ஆட்டிசம் உள்ள இருபது வயது மகன் ஒருவன் வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? அவனுக்குப் பேச்சு வராது. சத்தம் ஆகாது. கதவு திறந்திருந்தால் வண்டி வருகிறதா என்று பார்க்காமல் சாலையில் இறங்கிவிடுவான். பாட்டி தெம்போடு இருக்கும்வரை சமாளிக்கலாம். அவரும் படுத்துவிட்டால் மூன்று வழிகள்தான் மிச்சம். தாய் கூலியை விட வேண்டும். அல்லது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போக வேண்டும். அல்லது யாரோ சொன்ன ஏதோ ஓர் ஊரில் இருக்கும் காப்பகத்தில் அவனைக் கொண்டுபோய் விட வேண்டும். இந்த மூன்றாவது வழியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. காப்பகங்களின் தரம் என்று பேசத் தொடங்கினாலே பதிவுச் சான்றிதழ், கட்டட உறுதி, படுக்கை எண்ணிக்கை, ஊழியர் பட்டியல் என்று பேச்சு போய்விடுகிறது. அவை வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவருக்குக் கிடைக்கும் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அவரை அறிந்த ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சாதாரண நாளில் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறதா என்பதுதான். அது முடியாத தூரத்தில் இருக்கும் காப்பகம், எவ்வளவு நல்லவர்கள் நடத்தினாலும், ஆபத்தான இடம்.

வெளியே தெரிந்தது எப்படி?

தமிழ்நாட்டின் இரண்டு பெரும் துயரங்களை எடுத்துக்கொள்வோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அங்குள்ள தர்காவுக்கு வந்தால் குணமாகும் என்று நம்பிக் கூட்டிவந்த குடும்பங்கள், காசு கொடுத்து அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தன. சங்கிலி ஒன்றும் ரகசியம் அல்ல. ஏர்வாடிக்கு வந்துபோன எல்லோரும் பார்த்ததுதான். பார்த்தவர்களுக்கு அவர்கள் யாரோ. அறிந்தவர்களோ தொலைவில் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள்.

இருபத்தொரு ஆண்டுகள் கழித்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர். அங்கே அன்புஜோதி ஆசிரமம் உரிய அனுமதி இல்லாமல் பல ஆண்டுகள் நடந்துவந்தது. ஆதரவற்றோர், முதியோர், மனநோய் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 2023 பிப்ரவரியில் அங்கிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடித்தார்கள், பாலியல் கொடுமை செய்தார்கள், ஆட்களைக் காணவில்லை என்று புகார்கள் குவிந்தன. விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இது எப்படி வெளிப்பட்டது? அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்கப் போனபோது அவர் அங்கே இல்லை. அவருக்கு வேண்டியவர்கள் விடாமல் தேடி, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. எந்த அலுவலகத்தின் வழக்கமான ஆய்வும் அதைத் திறக்கவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். நியூயார்க்கின் வில்லோபுரூக் நிலையம் 4,000 பேருக்காகக் கட்டப்பட்டு, 1960-களில் 6,000 பேர் வரை அடைக்கப்பட்ட இடம். அங்கே வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் உதவியால் தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போன 1972-ல்தான் நாடு அதிர்ந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை. கட்டணமும் அதிகம், கண்காணிக்கத் தேசிய அளவில் ஓர் ஆணையமும் இருந்தது. மூத்த செவிலியர் ஒருவர் அனுப்பிய எச்சரிக்கைகளை யாரும் பொருட்படுத்தவில்லை. 2011-ல் பிபிசி நிருபர் ஒருவர் ஊழியராகச் சேர்ந்து ரகசியமாகப் படம் பிடித்த பிறகுதான் 11 ஊழியர்கள் தண்டனை பெற்றார்கள். 2019-ல் வோர்ல்டன் ஹால் என்ற இன்னொரு மருத்துவமனையிலும் இதே வகைக் காட்சிகள். அதற்கு முன் அந்த இடம் ஆணையத்திடம் ‘நன்று’ என்று தரச்சான்று வாங்கியிருந்தது. பணக்கார நாட்டின் ஆய்வு முறையே இப்படி ஏமாந்தது என்றால், முன்கூட்டியே தெரிந்து, தரை கழுவி, புதுத் துணி உடுத்தி நிறுத்தும் ஒரு நாள் ஆய்வை மட்டும் நம்பி நம் பிள்ளைகளை எப்படி விடுவது?

■ சட்டம் என்ன சொல்கிறது?

● மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, குறைபாடுகளின் பட்டியலை 7-லிருந்து 21 ஆக்கியது. ஆட்டிசம் அதில் தனியாக இடம்பெற்றது.
● பிரிவு 5: மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு. இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது.
● பிரிவு 7: கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம்.
● பிரிவு 50: பதிவு இல்லாமல் இல்லம் நடத்தக் கூடாது.
● மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95: எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதற்குத் தடை.
● தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

தூரம் என்ன செய்கிறது?

குரங்கணியிலோ கொட்டகுடியிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு காப்பகத்தில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். போய்ப் பார்க்க முதலில் போடிக்கு இறங்க வேண்டும். பிறகு தேனி, அங்கிருந்து மதுரை, அதற்கப்பால் இன்னொரு பஸ். ஒரு நாளில் திரும்ப முடியாது. இரண்டு நாள் கூலி போகும். பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் அதற்கு மேல். எடுப்பு நேரத்தில் இரண்டு நாள் நின்றால் அடுத்து அந்த ஜீப்பில் இடம் கிடைக்குமா என்ற பயம் வேறு. கேரளப் பக்கம் தோட்ட லயத்திலேயே தங்கி வேலை செய்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். அதனால் மாதத்துக்கு ஒரு முறை என்று தொடங்குவது மூன்று மாதம் ஆகும், பிறகு பொங்கலுக்குப் பொங்கல் ஆகும். பாசம் குறைந்துவிட்டது என்று இதைப் பழிப்பது அநியாயம். காசும் தூரமும் சேர்ந்து செய்கிற வேலை இது.

போனில் விசாரிக்கலாமே என்பார்கள். பேசத் தெரிந்தவர்களுக்குப் போன் உதவும். ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானோர் வாயால் சொல்ல மாட்டார்கள். சொல்பவர்களும் நடந்ததைக் கோவையாக எடுத்துச் சொல்லத் திணறுவார்கள். அவர்களுடைய புகார் உடம்பில்தான் இருக்கும். எடை குறைந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட ஆள் பக்கத்தில் வந்ததும் தோள் சுருங்கும். முன்பு விரும்பிச் சாப்பிட்டதைத் தொடமாட்டார்கள். மணிக்கட்டில் தழும்பு இருக்கும். மருந்தின் மிகுதியால் கண் சொருகியிருக்கும். இதையெல்லாம் படிக்க முன்பு எப்படி இருந்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். கோப்போடு வரும் அதிகாரிக்கு, மூலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவன் அமைதியான பையனாகத் தெரிவான். அவன் ஒரு நாளும் அப்படி உட்காரமாட்டான் என்பது தாய்க்கு மட்டும்தான் தெரியும்.

நல்ல பராமரிப்பு என்பதும் இந்த அறிதலிலிருந்துதான் பிறக்கிறது. ஆட்டிசம் உள்ள ஒருவர் திடீரெனத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டால், அது பல்வலியாக இருக்கலாம், காதுவலியாக இருக்கலாம், பல நாள் மலச்சிக்கலாக இருக்கலாம். படுக்கும் இடத்தை மாற்றியதாலும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, அவரோடு பல மாதம் பழகிய ஒரே ஆள் வேண்டும். அறுபது பேர் ஒரே கூடத்தில், டிவி அலறிக்கொண்டிருக்க, இரவில் ஓர் ஆயா மட்டும் இருக்கும் இடத்தில் அப்படிக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரம் கிடையாது. அங்கே அவர் அடங்காதவர் என்று பெயரெடுப்பார். அடுத்து வருவது தூக்க மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் கயிறு. வலிப்பு நோயும் ஆட்டிசமும் சேர்ந்து வருவது அரிதல்ல என்பதால், மருந்து வேளை தவறுவது உயிரோடு விளையாடுவது. பெண்களின் நிலை இன்னும் மோசம். 1994-ல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தத்தைக் காரணம் காட்டி, புனே மருத்துவமனையில் கருப்பையை அகற்றினார்கள். அவர்களுக்காக முடிவெடுத்தது இல்லத்தின் வசதி. உள்ளிருப்பவருக்காகப் பேச ஆள் இல்லாத இடத்தில் நிர்வாகத்தின் சௌகரியமே மருத்துவக் காரணமாக மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

போடியில் ஏலக்காயை நிறம் பார்த்து, சல்லடையில் மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் வியாபாரி விலை சொல்வதில்லை. மனிதர்களை ஆயுள் முழுவதும் ஒப்படைக்கும் இடத்துக்கோ பதிவு பெற்றது, பெறாதது என்ற இரண்டே தரம்தான் நம்மிடம் இருக்கிறது.

ஆறு வயதோடு நின்ற அக்கறை

மலையில் வேலை செய்யும் தாயின் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்களுக்காக இயற்றப்பட்டு, பின்னர் ஏலத்தோட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முதலாளி இடம் அமைக்க வேண்டும் என்றது. அதாவது, தாயின் உழைப்பு வேண்டுமென்றால் பிள்ளையைக் காக்கும் பொறுப்பில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்பதை அப்போதே ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் ஆறு வயதோடு பிள்ளைக்கு ஆள் துணை தேவைப்படாது என்று சட்டம் எண்ணியது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த வயது ஒருபோதும் வராமல் போகலாம். பள்ளிப் பருவத்திலாவது வட்டார வள மையம், சிறப்பாசிரியர், பிசியோதெரபி என்று ஏதோ ஒன்று இருக்கிறது. 18 முடிந்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. உடல் வலுத்து, பெற்றோர் தளரத் தொடங்கும் நேரத்தில்தான் எல்லா உதவியும் ஒரே அடியாகக் கைவிடுகிறது. தமிழக அரசு கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கொடுக்கிறது. அது அரிசிக்கும் மருந்துக்கும் உதவும். பகலெல்லாம் கூட இருக்க ஓர் ஆளை அதை வைத்துப் பிடிக்க முடியாது.

மாநில எல்லையும் இங்கே ஒரு சுவர். தொழிலாளியின் வீடு தேனி மாவட்டத்தில், உழைப்பு இடுக்கி மாவட்டத்தில். அவள் பறித்த காயின் லாபத்தில் ஒரு பங்கு அவளுடைய பிள்ளையின் பராமரிப்புக்கு வர வேண்டும் என்று கேட்கலாம். எந்த மாநிலத்தின் கதவைத் தட்டிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

பக்கத்திலேயே ஒரு வீடு

வேண்டியது என்ன என்பது கற்பனை அல்ல. சென்னையில் 1993-ல் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, மனநோயால் நெடுங்காலம் காப்பகத்தில் தங்கிவிட்டவர்களை 2015 முதல் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் நான்கைந்து பேராகக் குடிவைத்து, உடன் ஒரு பராமரிப்பாளரைத் தங்கவைக்கிறது. ‘ஹோம் அகெய்ன்’ என்ற இந்த ஏற்பாட்டை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்காட்டியது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்கிவருகிறது. கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்பிக் குழந்தைகளுக்குப் பயிற்சி தர முடியும் என்று அது காட்டியிருக்கிறது. தேசிய அறக்கட்டளையிடம் வளர்ந்தவர்களுக்கான குழு இல்லத் திட்டம் இருக்கிறது. தமிழக அரசு உலக வங்கிக் கடனுதவியோடு நடத்தும் உரிமைகள் திட்டம், சேவையை வீட்டருகே கொண்டுவருவதையே நோக்கமாகச் சொல்கிறது. இவற்றைப் போடியின் தேவைக்கேற்பச் சேர்த்துத் தைக்க வேண்டும். முதலில் 18 வயது கடந்தவர்களுக்கு ஒரு பகல் நேர மையம். அது காலை பத்து மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடும் அலுவலகமாக இருந்தால் மலையேறும் ஒரு தாய்க்கும் பயன்படாது. ஜீப் கிளம்புவதற்கு முன் திறந்து, ஜீப் திரும்பிய பிறகு மூட வேண்டும். அடுத்தது, தாய்க்கு உடம்பு சரியில்லாத நாளிலும், வீட்டில் சாவு விழுந்த வாரத்திலும் சில நாள் விட்டுவைக்க ஓர் இடம். மூன்றாவது, பெற்றோர் இல்லாதவர்களுக்கும் இனி முடியாதவர்களுக்கும், ஊருக்குள்ளேயே, ஐந்தாறு பேர் சேர்ந்து வாழும் வீடு. எங்களுக்கு அப்புறம் யாரு என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கு, அவர்கள் கண்ணெதிரே இருந்து பழகிப் பார்க்கக்கூடிய பதில் அப்படிப்பட்ட வீடுதான்.

■ ஓர் இல்லத்தில் சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

● முன்னறிவிப்பில்லாமல் வரலாமா என்று கேளுங்கள். நேரம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் யோசியுங்கள்.
● படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் பாருங்கள். வரவேற்பறையோடு திரும்பாதீர்கள்.
● இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேளுங்கள்.
● என்ன மருந்து, எந்த மருத்துவர் எழுதியது, ஏன் என்பதற்கு எழுத்தில் பதிவு இருக்கிறதா?
● ஒரே ஊழியர் எத்தனை நாளாக வேலை செய்கிறார்? ஆட்கள் அடிக்கடி மாறும் இடம் நல்லதல்ல.
● பதிவுச் சான்றிதழின் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

எழும் மறுப்புகள்

சிறிய வீடுகளுக்குச் செலவு அதிகம் என்பது முதல் மறுப்பு. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் பெரிய கூடம் மலிவாகத் தெரியலாம். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? ஊழியரைக் குறைத்து, மருந்தைக் கூட்டி, ஒரே சாப்பாட்டை எல்லோருக்கும் ஊட்டி வருகிறது. செலவு குறையவில்லை, பேச முடியாதவரின் உடம்பில் ஏற்றப்பட்டிருக்கிறது. அதோடு, ஊருக்குள் இருக்கும் வீடு ஊர்ப் பெண்களுக்கு வேலை தரும். முறையான பயிற்சியும் கௌரவமான சம்பளமும் இருந்தால், விடியற்காலை ஜீப்புக்கு மாற்றாகவே அது ஒரு பிழைப்பாக இருக்கும். சம்பளம் சொற்பமாக இருந்தால் ஆட்கள் தங்கமாட்டார்கள். ஆட்கள் தங்காவிட்டால் நான் மேலே சொன்ன அறிதல் உண்டாகாது. எனவே பராமரிப்பாளரின் ஊதியம் தரத்தின் முதல் கணக்கு.

நிபுணர்கள் பெரிய நிறுவனங்களில்தானே கிடைப்பார்கள் என்பது அடுத்தது. நிபுணர் தேவைப்படுவது சில நாள்களில்; துணை தேவைப்படுவது எல்லா நாளும். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாதம் ஒரு முறை அங்கிருந்து மனநல மருத்துவரும் பல் மருத்துவரும் போடிக்கு வருவது, ஒரு பிள்ளையை மருத்துவத்துக்காக ஆயுள் முழுவதும் வேற்றூரில் வைத்திருப்பதைவிட எளிது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. சிறிய வீடு என்றால் கொடுமை நடக்காதா? நடக்கும். வின்டர்போர்னில் படுக்கைகள் 24-தான். வோர்ல்டன் ஹால் அதைவிடச் சிறியது. சிறியதாக இருப்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது. பூட்டிய சிறு வீடு, பூட்டிய பெரிய காப்பகத்தைவிட ஆபத்தாகவும் ஆகலாம். அதனால்தான் தூரத்தை முதலில் வைக்கிறேன். அம்மா வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்க்கும் வீடாக அது இருக்க வேண்டும். பெற்றோர் இல்லாதவர்களுக்காக, மற்ற பெற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்த பார்வையாளர் குழு வேண்டும். அவர்கள் எந்த நேரமும் நுழையலாம் என்பதைப் பதிவின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். அவர்கள் கண்டதைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்.

இடம் கிடைத்தால் குடும்பங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளிவிடும் என்ற பேச்சும் உண்டு. இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டு தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றிய பேச்சு இது. பெரும்பாலான குடும்பங்கள் காப்பகத்தைத் தேடுவது முற்றிலும் ஒடிந்துபோன நாளில்தான். அந்த நாளில் நல்லது கெட்டது பார்க்கும் நிதானம் யாருக்கும் இருக்காது. இடையிடையே மூச்சுவிட இடம் கிடைத்தவர்கள் நெடுநாள் தாங்குவார்கள். கிடைக்காதவர்கள், முதலில் கதவைத் திறக்கும் இடத்தில் விட்டுவிட்டு வருவார்கள். ஏர்வாடியின் காப்பகங்களை மூடியபோது தேவையை யாராலும் மூட முடியவில்லை. அதே தேவைதான் குண்டலப்புலியூரிலும் இடம் தேடியது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கணக்கு வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே இல்லை. காப்பகத்தில் இருப்பவரை அந்தக் காப்பகம் இருக்கும் ஊரில் எண்ணினார்கள். அவர் பிறந்த ஊரின் கணக்கில் அவர் இல்லை. தேனி மாவட்ட நிர்வாகம் போடி வட்டத்திலிருந்து இந்தக் கணக்கைத் தொடங்கலாம். வீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணாமல், இந்த வீட்டிலிருந்து வெளியூர்க் காப்பகத்துக்குப் போனவர் யாராவது உண்டா, எந்த ஊர், கடைசியாகப் பார்த்தது எப்போது என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்கள் மூலம் நகரத்தில் கேட்கலாம். மலைக்கிராமங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் நேரில் ஏறிப்போய்க் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஓர் ஆண்டுக்கு மேல் என்று பதில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சமூகப் பணியாளரையும், குடும்பத்தில் ஒருவரையும், அரசுச் செலவில், கூலி இழப்பையும் ஈடுகட்டி, அந்தக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்து அவர்கள் சொல்வதை வைத்துத்தான், போடியில் எத்தனை வீடுகள் தேவை, யாரை முதலில் திரும்பக் கூட்டிவருவது என்று முடிவு செய்ய முடியும்.